மூன்று அமத்தல்

அந்தச் சொல்லை நான்தான் எழுதினேன். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

காட்சியகத்தில் வைக்கவிருந்த முப்பத்தாறு பொருள்களின் விபரம் ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் எழுதித் தரும்படி ஸ்கந்தகுமார் சேர் கேட்டார். எங்கள் வீட்டுக் குசினி மேசையில் இருந்து இரண்டு பின்னேரங்களில் எழுதிக் கொடுத்தேன். பொருள்கள் அப்போது பெட்டிகளைவிட்டு வெளியே வரவில்லை. பத்தொன்பதாவது பொருளுக்கு நான் எழுதிய தமிழ் இது: 'பயங்கரவாதிகளிடமிருந்து கைப்பற்றப்பட்ட தொலைத்தொடர்புக் கருவியும் இரகசியக் குறியீட்டுக் கொப்பியும். எழுவைதீவு, 1990.' இரகசியக் குறியீட்டுக் கொப்பி என்ற தொடர் எனக்குப் பிடித்திருந்தது. யாரோ தூரதேசத்தில் எழுதிய ஒரு நாவலின் பெயர்போல இருக்கிறது என்று நினைத்து அதை ஒருமுறை வாய்விட்டும் சொல்லிப் பார்த்தேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும்போல இருக்கிறது.

காட்சியகம், நயினாதீவுக்குப் படகேறும் குறிகட்டுவான் ஜெற்றிக்கு வரும் தெருவில், முன்பு உப்பு மூட்டை அடுக்கிய கிட்டங்கி ஒன்றில் இருக்கிறது. ஸ்கந்தகுமார் சேர் நயினாதீவில் குருக்கள் குடும்பத்தில் பிறந்தவர். பூசைக்குப் போகாமல் வானொலிப் பொறியியல் படித்து, லண்டனில் நாற்பது வருடம் இருந்துவிட்டு, சேர்த்து வைத்த பழைய இராணுவ வானொலிச் செற்றுகளோடு திரும்பி வந்தார். இரண்டாம் உலகப் போரில் தாங்கிக்குள் பொருத்தியிருந்த செற், பாலைவனத்தில் கழுதை முதுகில் ஏற்றிய செற், எண்பத்தேழில் வந்த இந்தியப் படையினர் விட்டுப்போன செற் எல்லாம் இருக்கின்றன. வால்வு சூடேறும்போது வரும் மணத்தைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினால் மத்தியானச் சாப்பாடு மறந்துபோகும். பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் நயினாதீவின் நாகதீப விகாரைக்குப் போகும் சிங்கள யாத்திரிகர்கள். படகு வரிசை நீளும்போது மின்விசிறிக் காற்றுக்காக உள்ளே வருவார்கள். கையால் சுற்றும் மின்பிறப்பாக்கியைப் பிள்ளைகள் சுற்ற, பல்ப் ஒன்று எரியும். கை தட்டுவார்கள். வாசலில் ரிக்கற் கிழிப்பதும், கேட்டால் விளக்கம் சொல்வதும் என் வேலை.

மாக்கிறேற் அக்கா ஒரு புதன்கிழமை வந்தா. ஜெற்றிக்கு முன்னால் ஒடியலும் பனங்கட்டியும் கருவாடும் விற்கிறவ, ஐம்பது தாண்டியவ. தினமும் பார்க்கிற முகம். நயினாதீவுப் படகில் கயிறு கட்டுகிற ஜெகதீஸ் அவவின் தமையன் மகன். 'மாமி, எழுவைதீவு எண்டு பேர் போட்டு ஒரு பழைய செற் உள்ளுக்குக் கிடக்கு' என்று அவன்தான் சொல்லியிருக்கிறான். அவ ரிக்கற்றைக் கையில் பிடித்துக்கொண்டு மற்ற ஒன்றையும் பார்க்காமல் நேராகப் பத்தொன்பதாம் இலக்கக் கண்ணாடிப் பெட்டிக்குப் போனா. நின்றா. நெடுநேரம் நின்றா. பிறகு உள்ளங்கையால் கண்ணாடியில் அடித்தா. உடைந்துவிட்டது என்றே நான் ஓடிப் போனேன்.

"உதை ஆர் எழுதினது?"

"எதை அக்கா?"

"இதை. இந்த எழுத்தை. ஆர் எழுதினது எண்டு கேக்கிறன்."

"நான்தான். தமிழ் மட்டும்தான் நான்."

"தமிழ் மட்டுமோ?" அவ திரும்பி என்னைப் பார்த்தா. "அப்ப என்ர அப்புவைத் தமிழ்ல பயங்கரவாதி ஆக்கினது நீர்தான்."

"பட்டியலில அப்பிடித்தான் கிடந்தது, அக்கா. நான் உள்ளதைத்தான்..."

"பட்டியல்ல மாடு எண்டு கிடந்தால் மாடு எண்டு எழுதுவீரோ?"

எழுதியிருப்பேன். அதுதான் உண்மை. 'கைப்பற்றப்பட்ட மாடு' என்று எழுதி, அது நன்றாக வந்திருக்கிறதா என்றும் பார்த்திருப்பேன்.

"இஞ்ச வாரும்." என் கையைப் பிடித்து இழுத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நிறுத்தினா. "இந்தத் திருகுகளைப் பாரும். நாலும் கறுப்பு, இது பச்சை. இது திருகில்லை. தைலப் போத்தல் மூடி. அம்மான்ர முழங்கால் தைலம். திருகு உடைஞ்சுபோச்செண்டு அப்பு மூடியை நெருப்பில வாட்டி அமத்தினவர். அம்மா மூடியில்லாத போத்தலை வைச்சுக்கொண்டு ஒரு கிழமை அவரோட கதைக்கேல்லை."

அந்த மூடியை எனக்குத் தெரியும். பட்டியலில் அதற்கும் ஒரு வரி இருந்தது. 'களத்தில் செய்யப்பட்ட மாற்றம்' என்று எழுதியிருந்தேன்.

அவவின் தகப்பன் குருசுமுத்து எழுவைதீவு மீனவர் சங்கத்தில் இந்தச் செற்றைப் பார்த்துக்கொண்டவர். அன்று அவ சொன்னது இவ்வளவு: எழுவைதீவில் அந்த நாளில் வைத்தியர் இல்லை, மருத்துவிச்சி இல்லை. யாருக்கும் நோய் வருத்தம் என்றால் வள்ளத்தில் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வள்ளம் வருகிறது என்று முன்கூட்டித் தெரிந்தால்தான் அங்கே வண்டி ஜெற்றிக்கு வரும். அதற்காகப் பங்குச் சுவாமி எண்பத்தைந்தில் கொழும்பில் பழைய சாமான் கடையொன்றில் இரண்டு இராணுவச் செற்றுகளை வாங்கிக்கொண்டு வந்தார். ஒன்று எழுவைதீவில், சங்கக் கட்டிடத்தில். மற்றது ஊர்காவற்றுறையில், சுவாமி தங்குகிற அறைவீட்டில்.

"ஆனால் அதில ஒருத்தரும் கதைக்கிறேல்லை," என்றா.

"செற் வைச்சுக்கொண்டு கதைக்கிறேல்லையா?"

"கதைச்சால் பற்றறி போயிடும். பற்றறி சார்ச் பண்ணவும் கடல் தாண்ட வேணும். அது ஒண்டு. மற்றது, கடலில நிக்கிற அவ்வளவு பேரும் றேடியோவைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டு நிப்பாங்கள். இன்னாற்ற பெண்டிலுக்குப் பிள்ளை நோக் கண்டிட்டுது எண்டு ஆராவது வாயால சொல்லுவினமே? பிள்ளை பிறந்து அழுத பிறகுதான் எங்கட ஊரில வாய் திறக்கிறது. முதலே சொன்னால் கண்ணூறு. சும்மா அமத்திறதுதான்."

கதைக்கிற பொத்தானைக் கதைக்காமல் அமத்துவது, வெறுமனே அழுத்திவிட்டு விடுவது. அமத்தினால் அக்கரையில் செற்றின் இரைச்சல் ஒரு கணம் நிற்கும். விட்டால் திரும்ப இரையும். இரண்டு தரம் நின்றால் காய்ச்சலோ காயமோ. மூன்று தரம் நின்றால் பிள்ளைப்பேறு. கொஞ்சம் விட்டு, சங்கம் அந்த வீட்டுக்குக் கொடுத்த இலக்கத்தின் அளவுக்குத் திரும்ப அமத்துவார்கள். அவ்வளவு காலமும் அந்தத் தீவு தன் பிள்ளைகளின் வரவை ஓசையால் அல்ல, ஓசை நின்றுபோவதால் அறிவித்திருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்படி ஒரு விஷயத்துக்குப் போய் நான் என்ன சொல்லை எழுதியிருக்கிறேன்.

"கொப்பியைப் பாரும். திகதி. மூண்டு புள்ளி. வீட்டு இலக்கம். வட்டம் போட்டால் பொம்பிளைப் பிள்ளை, கோடு போட்டால் ஆம்பிளைப் பிள்ளை. அப்புவுக்கு எழுத்து வராது. இதுதான் உங்கட இரகசியம். இந்தப் பக்கத்தில மட்டும் பதினொரு பிள்ளையள் கிடக்குதுகள். ரெண்டு பேர் கனடாவில."

"பிறகு?"

"தொண்ணூறில ஒரு விடியக்காலமை படைக்காரங்கள் துவக்குகளோட வந்து இறங்கினாங்கள். இப்பிடி நிண்டு நிண்டு போற சத்தம் தங்கட செற்றில கேட்டிருக்கு. கதையில்லாத சத்தம். அப்புவையும் செற்றையும் கொப்பியையும் ஏத்திக்கொண்டு போட்டாங்கள். செற் வந்திட்டுது. கொப்பி வந்திட்டுது." கண்ணாடியை விரலால் தட்டினா. "ஆள் வரேல்லை."

போகும்போது ஒன்றுதான் சொன்னா. "எழுத்தை மாத்தச் சொல்லும் உங்கட ஆளிட்ட. நான் சாகமுதல் அது மாற வேணும்."

ஸ்கந்தகுமார் சேர் ஒரு செற்றின் முதுகைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தூரிகையால் தூசி தட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அலுமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து ஒரு கடதாசியைக் காட்டினார்.

"ஏலத்தில எடுக்கேக்க இதோட வந்த கடதாசி. இதில என்ன கிடக்கோ அதைத்தானே நாங்கள் போட ஏலும்?"

"அந்தக் கடதாசி பொய் சேர்."

"அவ பொய் சொல்லுறா எண்டு நான் சொல்லேல்லையே, கம்சிகா."

"அப்ப மாத்துவம்."

அவர் தூரிகையைக் கீழே வைத்தார். "இந்தக் கிட்டங்கியைத் திறக்க நான் எத்தினை அரசாங்கக் கந்தோர் ஏறி இறங்கி, எத்தினை கையெழுத்து வாங்கினனான் எண்டு உமக்குத் தெரியும்தானே. தமிழன், வெளிநாட்டில இருந்து வந்தவன், கிட்டங்கி நிறைய இராணுவ றேடியோ. அந்த ஒரு சொல் அங்க கிடக்கிறதாலதான் ஒருத்தரும் என்னை ஒண்டும் கேக்கேல்லை. அதை எடுத்தால், ஏன் எடுத்தனீர் எண்டு கேப்பினம். மற்ற முப்பத்தைஞ்சும் போயிடும். அந்த மனுசன்ர பேரையே நாங்கள் போடேல்லை. போட்டாத்தானே அவமானம்?"

எவ்வளவு மென்மையாகச் சொன்னார். அந்த மென்மைதான் என்னை எரித்தது. அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். ஒரு மனிதனின் பெயரைப் போடாமல் விடுவதை அவனுக்குச் செய்த உபகாரமாகச் சொல்கிற ஒருவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? நான் மேசைக்கு வந்து உட்கார்ந்து, ரிக்கற்றுகளைப் பாதி இடத்தில் அல்லாமல் கோணல்மாணலாகக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் வெள்ளென வந்து கண்ணாடிப் பெட்டியைத் திறந்தேன். திறப்பு என்னிடம்தான் இருந்தது. என் தமிழ் விளக்க மட்டையை எடுத்துக் கிழித்துவிட்டு வேறொன்று வைத்தேன்: 'எழுவைதீவு மீனவர் சங்கத்தின் செற். நோயாளிகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் ஊர்காவற்றுறைக்கு வருகிறார்கள் என்ற செய்தியைக் குருசுமுத்து இதில் அனுப்பினார். 1990இல் இதனோடு பிடித்துச் செல்லப்பட்டார். திரும்பி வரவில்லை.' பக்கத்தில் சிங்கள மட்டையும் ஆங்கில மட்டையும் பழையபடி இருந்தன. சேர் பத்து மணிபோல அந்தப் பக்கம் வந்தார். வாசித்தார். கைலேஞ்சியால் கண்ணாடியில் ஒரு கறையைத் துடைத்தார். ஒன்றும் சொல்லாமல் போனார். தமிழில் எதுவும் இருக்கலாம், கேள்வி கேட்கிறவர்கள் அதை வாசிக்கப்போவதில்லை என்று அர்த்தம்.

நான் பெருமையோடு ஜெற்றிக்கு ஓடி மாக்கிறேற் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவ வாசித்தா. உதடுகள் அசைந்தன. முகத்தில் மகிழ்ச்சி வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இது ஆருக்கு எழுதினது?"

"எல்லாருக்கும்தான், அக்கா."

"எல்லாருக்குமோ? இந்த வாசலால உள்ளுக்கு வாறது ஆர்? எங்கட சனம் இதைப் பாக்க வருதோ? பஸ் பஸ்சா வாறவை சிங்களத்தை வாசிச்சுப்போட்டு, ஆ, இதுதான் அவங்கள்ற செற் எண்டு படம் எடுத்துக்கொண்டு போகினம். நீர் என்ர வாயில சீனியைப் போட்டுட்டு, போய்ப் படு எண்டு சொல்லுறீர். எங்கட ஆக்களுக்கு இது தெரியும், பிள்ளை. எங்களுக்கு எழுதி என்ன?"

"சிங்களத்தில மாத்த சேர் விடமாட்டார்."

"அப்ப நான் வாயால மாத்துறன்."

பௌர்ணமிப் போயா தினத்தன்று ஜெற்றித் தெரு முழுவதும் வெள்ளை உடுப்பு. மாக்கிறேற் அக்கா கடையைப் பூட்டிவிட்டு, கோயிலுக்குக் கட்டுகிற சேலையில் வந்தா. ரிக்கற் வேண்டாம் என்று சொன்னேன். "தாரும். பிறகு என்னைச் சும்மா வந்தவள் எண்டு கலைக்கக் கூடாது" என்றா. பத்தொன்பதாம் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றா. இருபது பேர்வரை உள்ளே வந்ததும் தொடங்கினா.

அவவின் சிங்களம் கருவாடு விற்கிற சிங்களம். விலை சொல்லவும், பேரம் பேசவும், பிள்ளை வடிவாயிருக்கிறது என்று சொல்லவும் பழகியது. எனக்குப் படித்த சிங்களம் தெரியும் என்பதால் அதன் ஓட்டைகள் எல்லாம் கேட்டன. ஆனால் சந்தையில் கூவிப் பழகிய குரல் அது. கிட்டங்கியின் கூரைத் தகரம் அதிர்ந்தது.

"வாங்க, வாங்க, இதைப் பாருங்க. இதில் எழுதியிருப்பது பொய். இது என் அப்பாவின் பெட்டி. இது பிள்ளை பெறும் பெட்டி."

சிலர் சிரித்தார்கள். ஒரு பையன் மின்பிறப்பாக்கியைச் சுற்றுவதை நிறுத்தினான். அவ விரலைக் கண்ணாடியில் வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தா. ஆனி மாதம், ஏழாம் வீடு, பெண் பிள்ளை, இப்போது ஆசிரியை. ஆடி மாதம், முப்பதாம் வீடு, ஆண் பிள்ளை, கடலில் போய்விட்டான். பதினாறாம் வீடு, இரட்டை, பாருங்கள் வட்டமும் கோடும். சிரித்தவர்கள் கிட்ட வந்தார்கள். செருப்புகளைக் கையில் பிடித்தபடி, குனிந்து அந்த வட்டங்களையும் கோடுகளையும் பார்த்தார்கள்.

வெள்ளைச் சேலை கட்டிய, நரைத்த கொண்டை போட்ட ஒரு அம்மா முன்னால் நின்றா. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் மாதிரி ஒரு நிமிர்வு. "அப்படியானால் உங்கள் அப்பா அதைச் சொல்லியிருக்கலாமே? பிள்ளைப்பேறு என்று சொன்னால் விட்டிருப்பார்களே?" என்று கேட்டா. குற்றம் சாட்டும் குரலல்ல. உண்மையாகவே விளங்காமல் கேட்டா.

"சொன்னார்கள். ஊர் ஆம்பிளைகள் எல்லாரும் சொன்னார்கள்."

"பிறகு?"

"அன்று விடிய அமத்தினது யாருக்கு, அந்தப் பெண்ணைக் காட்டு என்று கேட்டார்கள்."

அந்த அம்மா கொப்பியைப் பார்த்தா. கடைசி வரியில் திகதி இருந்தது. மூன்று புள்ளிகள் இருந்தன. வீட்டு இலக்கம் இல்லை. வட்டமும் இல்லை, கோடும் இல்லை. "இதுவா?" என்றா.

மாக்கிறேற் அக்கா என்னைப் பார்த்தா. பிறகு சுற்றவரப் பார்த்தா. தமிழ் ஆட்கள் என்று நானும், உள் வாசலில் வந்து நின்ற சேரும்தான்.

"அது நான்," என்று சிங்களத்தில் சொன்னா. "எனக்குப் பத்தொன்பது வயது. கல்யாணம் இல்லை. தையல் படிக்க மன்னாருக்குப் போய்விட்டேன் என்று ஊருக்குச் சொல்லி, என்னை ஐந்து மாதம் அறைக்குள் வைத்திருந்தார்கள். வலி வந்ததும் பாயால் மூடி அம்மா வள்ளத்தில் கொண்டுபோனா. அக்கரையில் வண்டி வராவிட்டால் நான் செத்துப்போவேன் என்று அப்பா அமத்தினார். மூன்று தரம். எங்கள் வீட்டு இலக்கத்தை அமத்தவில்லை. ஊர் ஆம்பிளைகள் எல்லாரையும் நிறுத்தி வைத்து, யார் அந்தப் பெண் என்று கேட்டபோது, தெரியாமல் கை பட்டுவிட்டது என்று சொன்னார். மற்றப் பத்து வரியும் உண்மை என்றால் இந்த வரி ஏன் பொய் என்று கேட்டு அடித்தார்கள். கை பட்டுவிட்டது என்றே சொன்னார். என் அண்ணன் பக்கத்தில்தான் நின்றான்."

"பிள்ளை?" என்று அந்த அம்மா கேட்டா.

"அண்ணனின் பிள்ளையாக வளர்ந்தது. அந்த வருடம் எல்லாரும் இடம்பெயர்ந்து ஓடினோம். யாருடைய பிள்ளையை யார் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று யார் பார்த்தார்கள்?"

சேர் முன்னால் வந்தார். "அம்மா, போதும். நான் இதைக் கழட்டி உள்ளுக்கு வைக்கிறன். ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லை" என்று தமிழில், தணிந்த குரலில் சொன்னார்.

"இன்னொருக்காக் கொண்டுபோய் ஒளிக்கப்போறியளோ, ஐயா? அவங்களும் கொண்டுபோய் ஒளிச்சுத்தான் வைச்சவங்கள். இது இஞ்சதான் கிடக்க வேணும். எழுத்துத்தான் போக வேணும்."

அந்த அம்மாவுக்குத் தமிழ் விளங்கவில்லை. ஆனால் நடப்பது விளங்கியது. சேரைப் பார்த்து, "மகத்தயா, இதைச் சரியாக எழுதுங்கள். அடுத்த முறை வரும்போது நான் பார்ப்பேன்" என்றா. பின்னால் நின்ற இன்னும் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். சேர் உடனே, ஓம், கட்டாயம், இன்றைக்கே என்று சொல்லிவிட்டுச் சிங்கள மட்டையையும் ஆங்கில மட்டையையும் தன் கையாலேயே வெளியே எடுத்தார்.

நான் மகிழ்ந்திருக்க வேண்டும். எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. பெற்ற தகப்பனுக்காக மாக்கிறேற் அக்கா கேட்டபோது கந்தோர்களையும் கையெழுத்துகளையும் பற்றிச் சொன்ன மனிதர், பெயர் தெரியாத ஒரு யாத்திரிகர் ஒரு தரம் சொன்னதும் செய்தார். யாருடைய வாயிலிருந்து வந்தால் அது உண்மை என்று அவருக்கு உள்ளூர ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கை அவர் லண்டனில் படிக்கவில்லை. நாங்கள் எல்லாரும் இங்கேயே படித்ததுதான்.

சனம் படகுக்குப் போனபிறகு நானும் மாக்கிறேற் அக்காவும் மேசையில் இருந்தோம். சேர் மட்டைகளும் பேனையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதையும் எழுதுங்கள் என்பதுபோல விலகி நின்றார். சிங்களத்தில் அவ சொன்னதையே எழுதினேன். பிழைகளை மட்டும் திருத்தினேன். 'தன் மகளின் பெயரைக் காப்பாற்றுவதற்காக அவர் பேசவில்லை' என்ற வரியை அவ இரண்டு தரம் வாசித்துக் காட்டச் சொன்னா. ஆங்கிலத்திலும் எழுதினேன். பிறகு தமிழுக்கென்று ஒரு வெறும் மட்டையை எடுத்தேன்.

"தமிழ்ல நீர் முந்தி எழுதினதே கிடக்கட்டும்," என்றா.

"அதில கடைசி வரி இல்லை, அக்கா. உங்களைப் பற்றி இல்லை."

"வேண்டாம். எங்கட ஆக்களுக்குத் தெரியும் எண்டு சொன்னனான்தானே."

"என்ன தெரியும்?" என் குரல் உயர்ந்துவிட்டது. "கொப்பி பிள்ளைப்பேற்றுக் கொப்பி எண்டு தெரியும். அந்தக் கடைசித் தரம் அவர் ஆருக்கு அமத்தினவர் எண்டு தெரியுமோ? ஊர் என்ன சொல்லுது?"

அவ சேலைத் தலைப்பை விரலில் சுற்றினா. பிறகு சொன்னா. "ஊர் சொல்லுறது, குருசுமுத்து மற்றதெல்லாம் நல்லாத்தான் செய்தவன், கடைசியில ஒரே ஒருக்கா ஆருக்கோ என்னமோ காட்டிக் குடுத்துப்போட்டான் எண்டு. முப்பத்திநாலு வருசமா அதைத்தான் சொல்லுது. செத்தவீட்டில, கலியாணவீட்டில, என்ர முகத்துக்கு முன்னால."

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை."

"சொன்னால் ஜெகதீசுக்குத் தெரிஞ்சுபோம். அவன் தமிழ் வாசிப்பான்."

அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. தமையனின் பிள்ளை. முப்பத்துநான்கு வயது. மாமி, மாமி என்று தினமும் மத்தியானம் அவவின் கடைக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறவன்.

மூன்று மணிப் படகு நயினாதீவிலிருந்து வந்துகொண்டிருந்தது. மாக்கிறேற் அக்கா அதைக் கதவுக்குள்ளால் பார்த்தா. எழுந்தா. "மட்டையை வைச்சிரும். எழுதாதையும்" என்று சொல்லிவிட்டு ஜெற்றிக்கு நடந்தா. நான் போயிருக்கக் கூடாது. போனேன். பத்து யார் தூரம் தள்ளி, ஐஸ்கிறீம் வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். சனம் இறங்கி முடியும்வரை அவ காத்திருந்தா. பிறகு கிட்டப் போய்ச் சொன்னா. என்ன சொன்னா என்று கேட்கவில்லை. அலை தூணில் அடித்துக்கொண்டிருந்தது. அவன் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றதை மட்டும் பார்த்தேன். பிறகு அவன் கத்தியது கேட்டது. ஜெற்றி முழுக்கக் கேட்டது.

"சிங்களச் சனம் முழுக்கக் கேட்ட பிறகோ எனக்குச் சொல்லுறியள்?"

"டேய், மெல்லக் கதை."

"அப்பாக்குத் தெரியுமோ?"

"உன்ர கொப்பர் பக்கத்தில நிண்டவன்ரா. அடிக்கேக்க பக்கத்தில நிண்டவன்."

"நிண்டு?"

"வாய் திறக்கேல்லை. அவனும் திறக்கேல்லை. நானும் திறக்கேல்லை."

அவன் கயிற்றை நிலத்தில் அடித்தான். ஈரக் கயிறு. தண்ணீர் தெறித்து அவவின் கோயில் சேலையில் பட்டது. "அப்ப அந்தாள் என்னாலயோ செத்தது?"

"உன்னால இல்லை." அவவும் இப்போது கத்தினா. "உன்னால இல்லையடா, மூதேவி! எங்கட வெக்கத்தால. துவக்கு அவங்கள்ற. வெக்கம் எங்கட."

அவன் எங்களைத் தாண்டி நேராகக் கிட்டங்கிக்குப் போனான். வாசலில் நின்ற சேர் வழி விட்டார். முழங்கால்வரை நனைந்த காற்சட்டையோடு பத்தொன்பதாம் பெட்டிக்கு முன்னால் நின்று, "எந்த வரி?" என்று கேட்டான். காட்டினேன். அந்த மூன்று புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே நின்றான். வெளியே படகின் ஓட்டி அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்துப்போய் ஹோன் அடித்தான்.

மேசையில் கிடந்த வெறும் தமிழ் மட்டையை ஜெகதீஸ் எடுத்துப் பார்த்தான். "இது ஏன் வெறுமையாக் கிடக்கு?"

நான் மாக்கிறேற் அக்காவைப் பார்த்தேன். அவ வாசலில் நின்றா.

"எழுதுங்கோ," என்றான் அவன். என்னிடம்தான் சொன்னான், அவவிடமல்ல. "ஆருக்கு அமத்தினவர் எண்டும் எழுதுங்கோ. பிறந்தது ஆர் எண்டும் எழுதுங்கோ. நாளைக்குப் படகில போற வாற எங்கட சனம் எல்லாத்தையும் நான் கூட்டிக்கொண்டு வந்து வாசிக்க வைப்பன். ஒருத்தன் இனி அந்தாளைப் பற்றி ஒரு கதை கதைக்கட்டும் பாப்பம்."

போகும்போது அவவைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போனான். மாமி என்றும் சொல்லவில்லை, வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவ அவனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றா. படகு திரும்பிப் புறப்படுகிற சத்தம் கேட்கும்வரை நின்றா. பிறகு உள்ளே வந்து, எனக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தா. கன்னத்தைத் துடைக்கவில்லை.

"எழுதும்," என்றா.

பேனையை எடுத்தேன். அவ தொடங்கினா. என் பெயர் குருசுமுத்து மாக்கிறேற். எழுவைதீவு. அந்த நாள் நான் கலியாணம் கட்டாத பெட்டை. குரல் கூரையில் பட்டுத் திரும்பியது. தெருவில் ஒடியல் வாங்கிக்கொண்டிருந்த பெண்கள் தலையைத் திருப்பினார்கள். பஸ்சுக்கு நின்றவர்கள் வாசலுக்கு வந்தார்கள். எல்லாம் எங்கட ஆக்கள், எல்லாரும் தமிழ் தெரிந்த ஆக்கள்.

"கொஞ்சம் மெல்லச் சொல்லுங்கோ, அக்கா," என்றேன்.

"என்னத்துக்கு மெல்ல?" என்று கேட்டுவிட்டு, அவ முதலிலிருந்து தொடங்கினா.